ஏழாவது மேசையில் ஒரு குமிழி

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேருக்கு முழு மதிப்பெண். ஒருத்திக்கு மட்டும் முட்டை.

"இதைப் பாருங்க" என்று விடைத்தாளை மேசைமேல் போட்டார் உயிரியல் துறைத் தலைவர். "வெங்காய வேர் நுனியில செல் எப்படிப் பிரியுதுன்னு வரையச் சொன்னா, இந்த அம்மா முட்டை போட்டிருக்காங்க. நானும் பதிலுக்கு ஒண்ணு போட்டுட்டேன்."

முட்டைக்குச் சொந்தக்காரி கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒரு மேசையில் முட்டை என்றாலும் செய்முறைத் தேர்வே போச்சு; அது போனால் இந்த வருடம் பட்டம் கிடையாது. மேல்படிப்புக்குக் கிடைத்திருக்கும் இடமும் போச்சு.

எதிரே இருந்த பேராசிரியை தாளை எடுத்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இலக்கு மேடம்'. இந்தப் படிப்பை முடிக்கிறவர்களுக்கு என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்று ஏழு இலக்குகள் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியவர். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இலக்கில்தான் வந்து நிற்கும்.

தாளில் ஒரு வட்டம். அதற்குள் தடித்த விளிம்போடு இன்னொரு வட்டம். பக்கத்தில் வளைந்த ஒரு நூலிழை. கீழே பொடி எழுத்தில், 'காற்றுக்குமிழி, தூசி. செல் எதுவும் இல்லை.'

"கிண்டலைப் பார்த்தீங்களா?" என்றார் தலைவர்.

"கிண்டல் பண்றவங்க இவ்வளவு பொறுமையாப் புள்ளி வச்சு நிழல் போடுவாங்களா சார்?"

மேடத்துக்கு மண்டை குடைந்தது. தாளோடு ஆய்வகத்துக்கு நடந்தார்.

ஆய்வக உதவியாளர் பூட்டைத் திறந்தார். மேசைக்கு ஒரு மைக்ராஸ்கோப் வைத்து, மணியடித்தால் அடுத்த மேசைக்கு நகரும் தேர்வு அது. மைக்ராஸ்கோப்புகள் இன்னும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"எடுத்து வைக்கலையா அண்ணே?"

"மார்க் போட்டு முடிக்கிற வரைக்கும் எதையும் தொடக் கூடாதுன்னு சார் உத்தரவு மேடம். காலையில நான் ஸ்லைடுக்கு ஒட்டின டேப்பு அப்படியே இருக்கு பாருங்க."

ஏழாவது மேசை. மேடம் குனிந்து பார்த்தார். தடித்த விளிம்போடு ஒரு குமிழி. பக்கத்தில் ஒரு நூலிழை. தாளைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். இழையின் வளைவுகூட மாறவில்லை. வேர் நுனி கண்ணுக்குச் சிக்காமல் எங்கோ ஓரத்தில் கிடந்தது.

"அப்ப மத்த முப்பத்தொன்பது பேரும் எதைப் பார்த்து வரைஞ்சாங்க?"

"எதுக்குப் பார்க்கணும்? மூணு வருஷமா மனப்பாடம் பண்ணினது வீணாப் போகலாமா மேடம்?"

மேடம் தலைவர் அறைக்கு ஏறக்குறைய ஓடினார்.

"சார், நம்ம மூணாவது இலக்கு என்ன? கண்டதைக் கண்டபடி பதிவு செய்யணும். அதுல தேறினது இந்தப் பொண்ணு ஒருத்திதான்!"

தலைவர் நம்பவில்லை. தானே போய்ப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"சரி, ஸ்லைடு கோளாறுதான். ஒத்துக்கறேன். ஆனா கோளாறு இருந்தா மேற்பார்வையில இருக்கறவங்ககிட்ட உடனே சொல்லணும்னு விதி இருக்கே? சொல்லியிருந்தா வேற ஸ்லைடு வச்சிருப்பாங்க. சொல்லாம போனா பதில் எழுதலைன்னுதான் கணக்கு." பெண்ணிடம் திரும்பினார். "யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

அவள் தலைவரைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஹால்ல மேற்பார்வைக்கு நாங்க மூணு பேர் இருந்தோம் சார்" என்றார் மேடம், நிஜமான வருத்தத்தோடு. "சொல்லியிருந்தா யார் காதுலயாவது விழுந்திருக்குமே."

"அப்ப நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை. சாயங்காலம் மார்க் பட்டியல் போயிடும்."

மேடம் அவளை வராந்தாவில் பிடித்தார். ஆற்றாமை கோபமாகப் பொங்கியது.

"கண்ணு இவ்வளவு கூர்மையா இருந்து என்ன பிரயோஜனம்? வாயை வாடகைக்கா விட்டிருக்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிருக்கும்!"

"சொன்னேன் மேடம்."

"என்னது?"

"கை தூக்கினேன். ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னேன். மேற்பார்வையில இருந்தவங்க வருகைப் பதிவேட்டுல ஏதோ எழுதிக்கிட்டிருந்தாங்க. 'மத்தவங்க எல்லாரும் வரையலையா? உனக்கு மட்டும் என்ன? புத்தகத்துல இருக்கிறதை வரைஞ்சுட்டு நகரு'ன்னுட்டாங்க. நிமிர்ந்துகூடப் பார்க்கலை."

"அடப்பாவமே! யார் அந்தப் புண்ணியவதி? பேரைச் சொல்லு. இப்பவே சார் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தறேன்."

அவள் தயங்கினாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"நீங்கதான் மேடம்."

பதிவேடு ஞாபகம் வந்தது. மணிச் சத்தம் ஞாபகம் வந்தது. நடுவே யாருக்கோ ஏதோ பதில் சொன்னதும் ஞாபகம் வந்தது. மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப... சார் கேட்டப்ப ஏன் வாயை மூடிக்கிட்டு நின்ன?"

"நீங்களும் அங்கேதானே இருந்தீங்க மேடம். நீங்களே சொல்லிடுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்."