கேட்க மாட்டேன் என்றவர்

“இருமலுக்கு ரெண்டு கரண்டி பாணி மருந்தைக் குடுத்து அனுப்புறதை விட்டிட்டு, நரம்பில என்ன ஆராய்ச்சி பிள்ளை?” என்று கேட்டு முடிப்பதற்குள் பெரிய டொக்டர் பேணாட்டுக்கே இருமல் வந்துவிட்டது.

மூதூரிலிருந்து லாஞ்ச் படகு பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருந்த டொக்டர் ஸல்ஹாவுக்கு அவர் உட்காரக் கதிரைகூடக் காட்டவில்லை.

“இருமல் நெஞ்சில மட்டும் தொடங்கிறதில்லை, சேர். சுவாசக்குழாய்க்குப் போற நரம்பின்ர ஒரு கிளை வேற இடத்துக்கும் போகுது. இத்தனை வருஷமாய் நான் அதைத்தான்...”

“விசர்க்கதை. எனக்கும் போன வருஷத்திலயிருந்து இருமல்தான். எக்ஸ்ரே எடுத்தாச்சு, மருந்தும் குடிச்சாச்சு. அதுக்கு நரம்பைத் தேடிப் போனனானே? நாளைக்கு உங்கட ஆய்வுகூடத்தைப் பூட்டுங்கோ.”

“பூட்ட மாட்டன், சேர்.”

“இனி உங்கட ஒரு கதையும் நான் கேட்க மாட்டன்.”

மறுபடி இருமியபடி, போன வருஷம் வாங்கிய கேட்கும் கருவியைக் காதிலிருந்து பிடுங்கி மேசையில் போட்டுவிட்டுக் கோப்புகளைப் புரட்டத் தொடங்கினார்.

ஸல்ஹா அசையவில்லை. அவரையே பார்த்தபடி நின்றாள். துறைமுகத்தில் ஊதிய கப்பல் யன்னலைக் கடந்து மறையும்வரை நின்றாள்.

பேணாட் நிமிர்ந்தார். “இன்னும் போகேல்லையா? என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது.”

அவள் அவருடைய பேனாவையே எடுத்து, அவருடைய கோப்பின் மேலேயே எழுதினாள்:

‘கருவியைக் கழற்றிய பிறகு நீங்கள் ஒருமுறைகூட இருமவில்லை. அந்தக் கிளை போகும் இடம் காது. நம்பிக்கை இல்லையென்றால் திரும்ப மாட்டிப் பாருங்கள், சேர்.’

கருவியை நோக்கிப் போன பேணாட்டின் கை பாதியில் நின்றது.

ஸல்ஹா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.