நிறம் பார்த்த சம்பந்தம்

"பாம்போ, என்ரை பெடியனோ? இண்டைக்கு எனக்கு ஒரு முடிவு சொல்லு!"

புஷ்பமலர் மாமி கதவு திறந்ததுமே கேட்டுவிட்டார். கால் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பனிக்கால ஒஸ்லோவில் பூட்ஸோடு ஒருவர் வீட்டுக்குள் கால் வைத்தால், அவர் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"முதல்லை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருங்கோ மாமி. தேத்தண்ணி போடுறன்," என்றாள் கஜேந்தினி.

அவளுக்கு முப்பது வயது. பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. வெஸ்ட்லி மாடிக் குடியிருப்பில் சொந்த வீடு. அதில் இருக்கிற ஒரே அறையைப் பதினாலு பாம்புகளுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஹோலில் படுக்கிறாள். சனம் கதைக்காமல் என்ன செய்யும்?

மாமி, செத்துப்போன அப்பாவின் அக்கா. மாமியின் ஒரே மகன் சயூரன், ஸ்தவாங்கரில் எஞ்சினியர். கஜேந்தினிக்கு உரிமை மச்சான். இரண்டு பேரும் சின்னனாக இருக்கும்போதே பெரியவர்கள் பேசி வைத்த சம்பந்தம். 'அவனைக் கட்டமாட்டன் எண்டால் என்ரை வாசல் மிதிக்காதை' என்று அம்மா போன கிழமைதான் போனில் கத்தியிருந்தார்.

"அவனுக்குப் பாம்பெண்டா சீவன் போகும். இதுகளை ஆருக்கும் வித்துத் துலைச்சுப்போட்டு, ஆவணியிலை கழுத்தை நீட்டு. சோலி முடிஞ்சுது."

"விக்கமாட்டன் மாமி."

"விக்கமாட்டாவாம்! அப்பிடி என்ன பொன்னும் மணியுமோ உள்ளுக்கை வச்சிருக்கிறாய்?"

கேட்ட வேகத்தில் மாமி அறைக் கதவைத் தள்ளினார். கண்ணாடிப் பெட்டியொன்றில் படுத்திருந்த பாம்பு 'ஸ்ஸ்ஸ்' என்று பெரிதாகச் சீறி, வாலைப் படபடவென்று அடித்தது. மாமி இரண்டடி பின்னால் பாய்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ. கோஃபர் பாம்பு. அமெரிக்காவிலை இருக்கிறது, எங்கடை சாரை மாதிரி. விசம் துளியும் இல்லை, வெறும் சத்தம்தான். எங்கடை சொந்தக்காரர் மாதிரி."

மாமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கண் பெட்டிகளை விட்டுப் போகவில்லை. செம்மஞ்சளில் ஒன்று, எலுமிச்சம்பழ நிறத்தில் ஒன்று, பால் வெள்ளையில் ஒன்று. வடிவை வடிவில்லை என்று சொல்ல மாமிக்கும் வாய் வரவில்லை.

"சாயம் பூசினதோ?"

"பிறவி நிறம் மாமி. தாய் தேப்பனைப் பாத்துச் சேர்த்தா இப்பிடி வரும்."

கஜேந்தினி ஒரு கொப்பியை விரித்துக் காட்டினாள். பாம்புக்கு ஒரு பக்கம். தாய் யார், தகப்பன் யார், பாட்டன் பாட்டி யார், எல்லாம் எழுதியிருந்தது.

"எடியே, பாம்புக்கும் குலம் கோத்திரம் விசாரிக்கிறியோ!" மாமி வந்த காரியத்தை மறந்து சிரித்துவிட்டார்.

"விசாரிக்கத்தான் வேணும். இந்த வெள்ளையை அதின்ரை சொந்தத்துக்குள்ளையே திருப்பித் திருப்பிச் சேர்த்தா, குட்டியெல்லாம் நல்ல நிறமா வரும். கனபேர் அப்பிடித்தான் செய்யினம். ஆனா போகப் போக முட்டை பொரிக்காது. பொரிச்சாலும் சிலது தங்காது. அதாலைதான் இந்த மண்ணிற ஆண் பாம்பை வேறை இடத்திலையிருந்து எடுப்பிச்சனான். நிறம் குறைஞ்சா குறையட்டும்."

மாமியின் சிரிப்பு நின்றது.

"நிறத்துக்காகப் பச்சைக் குஞ்சுகளைச் சாகவிடுவினமோ? மனிசரோ அவங்கள்! வாயில்லாச் சீவனுகள், பாவம்."

கஜேந்தினி கொப்பியை மூடினாள்.

"வாயில்லாததுக்கு இரங்கிறியள். வாயுள்ள என்னை மட்டும் ஏன் மாமி சொந்தத்துக்குள்ளை தள்ளுறியள்? உங்கடை அம்மாவும் அப்பாவும் மச்சான் மச்சாள். நீங்களும் மாமாவும் மச்சான் மச்சாள். மூண்டாந் தலைமுறைக்கு நாங்களோ? சயூரன் தங்கமான மனிசன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் கட்டமாட்டன். இந்தப் பதினாலு பாம்பும் நாளைக்கே இல்லாமல் போனாலும் கட்டமாட்டன். அம்மா வாசலை மூடினா மூடட்டும்."

சொல்லிவிட்டாள். இனி மாமி குய்யோ முறையோ என்று கத்துவார், பக்கத்து ஊர் ரொம்சோஸ் வரைக்கும் கேட்கும் என்று காத்திருந்தாள்.

மாமி கத்தவில்லை. தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை. வாசலில் போய்க் குந்தி, கழற்றிய பூட்ஸைத் திரும்ப மாட்டினார். பூட்ஸின் சிப் பாதியில் சிக்கி நின்றது.

"சயூரனுக்கு முதல் எனக்கு ரெண்டு பிறந்தது, பிள்ளை," என்றார் தலை நிமிராமல். "ரெண்டும் ஒரு வயசைத் தாண்டேல்லை. சொந்தத்துக்குள்ளை கட்டினதாலையா இருக்கும் எண்டு டொக்டர் அப்பவே சொன்னவர். நான்தான் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை."

கஜேந்தினி இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பக்கத்தில் குந்தி, அந்தச் சிப்பை இழுத்துவிட்டாள்.

மாமி எழும்பிக் கோட்டைச் சரி செய்தார். வந்தபோது இருந்த அதே அதட்டல் குரல் திரும்பிவிட்டது.

"கொம்மாவோடை நீ மல்லுக்கட்டாதை. பாம்பு வளர்க்கிற பெட்டை என்ரை பெடியனுக்கு வேண்டாம் எண்டு நான்தான் சொல்லிப்போட்டுப் போனனெண்டு சொல்லு. நானும் அதையேதான் சொல்லுவன்."

"மாமி... எல்லாரும் உங்களைத்தானே திட்டுவினம்?"

"திட்டட்டும். நீ உந்தப் பாம்புகளை மட்டும் வித்துப்போடாதை. கொம்மாவுக்குச் சொல்ல எனக்கு வேறை சாட்டு இல்லை!"