பார்க்க வந்தவர்களின் நாற்காலி

சர்வாதிகாரி வாழ்ந்த வீட்டை ஊர் பார்க்கத் திறக்கப்போகிறார்கள். அவன் அறையில் தச்சர், அந்தக் காலத்தில் அவனைப் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு டேப்பால் அளக்கிறார். காலை வெயில் அதன் கால்களில் விழுகிறது. கூட வந்த அக்கா உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இருபது வருஷத்துக்கு முன், சிறையிலிருந்த புருஷனை விடச்சொல்லிக் கேட்க வந்து இதில்தான் உட்கார்ந்தாள். முழங்கால் நெஞ்சை இடித்தது, மேஜை மோவாய் வரை வந்தது, எதிரே அவன் மலைபோல் இருந்தான். கேட்க வந்ததைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டாள். புருஷன் எட்டு வருஷம் கழித்துத்தான் வீடு வந்தார். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை; வாயிருந்தும் ஊமையாகிவிட்டோமே என்று இவள்தான் இன்றுவரை தன்னையே கரித்துக்கொட்டுகிறாள். "அக்கா, இங்க வா. அடியில பாலிஷே இல்ல, ரம்பம் இழுத்த தடம் பாரு. நாலு காலையும் நாலு விரற்கடை அறுத்திருக்கான். ஒட்டுப்போட்டுச் சரிபண்ணிடவா?" அவள் வந்து அறுபட்ட மரத்தைத் தடவுகிறாள். சொரசொரவென்றிருக்கிறது. "அப்ப நான் குறுகிப்போகலையாடா?" என்கிறாள், தனக்கே கேட்காத குரலில். அப்புறம், "வேண்டாம், இப்படியே இருக்கட்டும். வர்றவங்க உக்காந்து பாக்கட்டும்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேஜையைச் சுற்றிப் போய் அவன் நாற்காலியில் எக்கி ஏறி உட்காருகிறாள். கால் தரையைத் தொடவில்லை, எதிலோ இடிக்கிறது. குனிந்து பார்த்தால் ஒரு குட்டி ஸ்டூல். அதன் மேல் இரண்டு பாதங்கள் வருஷக்கணக்காகத் தேய்த்த பள்ளம். அன்றைக்கு வராத குரல் இப்போது சுவரெல்லாம் மோதுகிறது: "அடப்பாவி, உனக்கும் எட்டலையாடா!"