மெட்டு தவறிய வளைகாப்பு

நறுமுகையின் வளைகாப்பில் பெண்கள் பாடத் தொடங்கியதும், அவள் அம்மா தாமரைச்செல்விக்கும் அத்தை பூங்கோதைக்கும் எதுவுமே கேட்கவில்லை. காது மந்தமான இருவரின் காதுக்கருவிகளும் தாமாகவே அடைத்துக்கொண்டன. ‘இப்பாடலுக்கு உரிமம் இல்லை’ என்று கைபேசியில் வந்தது.

அந்தப் பாட்டை எழுதி மெட்டுப் போட்டதே தாமரைச்செல்விதான். மூத்த மகளின் வளைகாப்புக்கு எழுதி, யார் வேண்டுமானாலும் பாடுங்கள் என்று இணையத்தில் போட்டிருந்தாள். ஏதோ ஒரு நிறுவனம் அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டது.

நறுமுகை பாட்டை நிறுத்தச் சொன்னாள். கருவிகள் மறுபடி திறந்துகொண்டன.

“வேற பாட்டு பாடுவோம்மா.”

“இது நான் பெத்த பாட்டு. இதப் பாட எவன்கிட்டடி கேக்கணும்?”

தாமரைச்செல்வி கருவியைக் கழற்றி வளையல் தட்டில் எறிந்துவிட்டுப் பாடினாள். தன் குரலே தனக்குக் கேட்காததால் மெட்டு எங்கெங்கோ போயிற்று. பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் போன வழியிலேயே கூடப் பாடினார்கள்.

பூங்கோதை சட்டென்று தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். கருவிக்கு இந்தப் பாட்டு அடையாளம் தெரியவில்லை.

“எனக்குக் கேக்குது,” என்றாள் அவள். “மதினி பாடுற மாதிரியே பாடுங்க. யாரும் சரியான மெட்டுல பாடிராதீங்க.”