போடாத கையெழுத்து

"எம் பொண்ணு இன்னா பாவம் பண்ணுச்சி சார்? ஒரே ஒரு கையெழுத்துக்கு எத்தினி மாசம் இழுத்தடிப்பீங்க?"

கேட்டைத் திறந்த பேராசிரியர் புகழ்வேந்தன் திகைத்துப் போனார்.

"நீங்க..?"

"ஸ்டெல்லாவோட அம்மா, சகாயராணி. குருவிநத்தத்துலேர்ந்து வரேன்."

கரும்பு வெட்டுக் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு, ரெண்டு பஸ் மாறி மூலக்குளம் வந்திருந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் வழி நெடுக நாக்கில் தீட்டிக்கொண்டே வந்தாள்.

"உள்ள வாங்கம்மா. மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி குடிக்க வரல சார். கூடச் சேந்த இளவரசி டாக்டரு பட்டம் வாங்கி வருசம் ஒண்ணாவுது. எங்க பாப்பா மட்டும் நாலு வருசமா உங்க பின்னால ஃபைலத் தூக்கிக்கினு சுத்துது. ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா? வாத்தியாருக்கு வேண்டியதக் குடுத்தாத்தான் கையெழுத்து வுழும்ன்றாங்க. பெத்தவ காதுல கேக்கற பேச்சா இது?"

அவர் முகம் கறுத்தது.

குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? சகாயராணிக்கு இன்னும் ஏறிக்கொண்டது.

"காலேஜ்ல வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாம். வெள்ளிக்கெழம கடைசி நாளாம். ஆராய்ச்சிய எழுதிக் குடுத்துட்டேன்னு சீட்டு இருந்தாத்தான் மனு போட முடியும்னு இளவரசி சொல்லிச்சி. எங்க பரம்பரையில கழனிய வுட்டுக் கரையேறப் போற மொத ஆளு அதான். நடுவுல நின்னு நீங்க மறிச்சீங்க, இந்தத் தெருவுலயே ஒக்காந்துடுவேன். ஆமா."

புகழ்வேந்தன் உள்ளே போனார். தடிமனான தாள்கட்டு ஒன்றையும் ஒரு படிவத்தையும் கொண்டுவந்து வாசல் வராந்தா மேசைமேல் வைத்தார். கட்டின் அட்டையில் ஸ்டெல்லாவின் பெயர்.

"உங்க பொண்ணு எழுதினதுதாம்மா. முடிச்சு எட்டு மாசம் ஆச்சு."

"அப்பறம் ஏன் சார் கையெழுத்துப் போடல?"

"போடாதீங்கன்னு அதுதான் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு."

சகாயராணி கட்டின் அட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாசாமாசம் கவர்மென்ட் உதவித்தொகை வருதில்ல? இதைக் குடுத்துட்டா அன்னைக்கே நின்னுடும். குடுக்காம வச்சிருந்தா இன்னும் பதினோரு மாசம் வரும். 'தம்பி வண்டி டியூ அதுலதான் சார் போவுது, அது முடியட்டும்'னுச்சு. திட்டிக்கூடப் பாத்தேன். அழுதுடுச்சு. ஆராய்ச்சி இன்னும் நடக்குதுன்னு மாசாமாசம் பொய் எழுதி அனுப்பறது நான்தான்."

மகன் அன்புராஜ் லோன் போட்டு வாங்கிய சரக்கு வண்டி. ரெண்டு டியூ தவறினால் லோன் கொடுத்தவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். டியூ எங்கிருந்து போகிறது என்று அவளுக்குத் தெரியும். எதை நிறுத்தி வைத்துப் போகிறது என்பதுதான் தெரியாது.

"மன்னிச்சிடுங்க சார். ஊரு வாயக் கேட்டுக்கினு..."

"அது கெடக்கட்டும்மா. இந்த வேலை மறுபடி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. கட்டாயம் கெடைக்கும்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா மனு போட்டாத்தானே கெடைக்கும்?"

அவள் தலையாட்டினாள்.

"இதை உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு உங்க பொண்ணு. ஏன் தெரியுமா? 'எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, வண்டி போனா மயிரே போச்சுன்னு வந்து சண்ட போட்டுக் கையெழுத்து வாங்கிடும் சார்'னுச்சு. அது சொன்ன மாதிரியே வந்துட்டீங்க."

சிரித்தபடி அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பெத்தவங்க நீங்களே கேட்டப்பறம் எனக்கென்ன? இப்பவே போட்டுடறேன்."

பேனா முனை படிவத்தைத் தொடப்போகும் நேரம், கரும்புச் சோகை கிழித்த அவள் கை எப்படித்தான் நீண்டதோ, கையெழுத்து விழ வேண்டிய இடத்தை அழுத்தி மூடியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

சகாயராணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினோரு மாசந்தானே சார்..." என்றாள். "நான் இங்க வந்துட்டுப் போனத மட்டும் பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க."