எருமையின் காதும் மூன்று வைத்தியர்களும்

எருமைக்கு மூன்று வைத்தியர்கள். காதில் ஒட்டும் உண்ணியைக் காக்கை கொத்தும். முதுகைக் கொக்கு பார்த்துக்கொள்ளும். குளத்தில் இறங்கினால் குளம்பைக் கெண்டை மீன் சுத்தம் செய்யும்.

காட்டு அரசாங்கம் புதுச் சட்டம் போட்டது. இனி மூவரும் கலந்து பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் யாரும் எருமையைத் தொடலாம். மீறினால் அதன் பக்கமே வரக்கூடாது.

மறுநாளே ஓர் உண்ணி எருமையின் காதுக்குள் நுழைந்து கடித்தது.

"அண்ணே, உயிர் போகுது. சீக்கிரம் கொத்துங்க," என்றது எருமை.

"ஒரே கொத்துதான் தாயி. ஆனா கொக்கு ஐயாவைக் கேக்கணுமே," என்றது காக்கை.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று கனைத்தது. "நோயாளியை முழுமையாகப் பார்க்க வேண்டும். மீனின் கருத்து என்ன?"

எருமை முனகிக்கொண்டே குளத்தில் இறங்கியது.

"ப்ளுக். முதல்ல குளம்பைக் காட்டு," என்றது மீன்.

குளம்பு நன்றாக இருந்தது. முதுகும் நன்றாக இருந்தது. பொழுது சாயும்வரை மூவரும் அதையே மெச்சிப் பேசினார்கள்.

"என் காது?" என்றது எருமை.

"அது அடுத்த கூட்டத்தில்," என்றது கொக்கு.

காதுக்குள்ளிருந்து ஓர் ஏப்பம் கேட்டது. "அவசரமே இல்லைங்க," என்றது உண்ணி. "நிதானமாப் பேசி முடிவு பண்ணுங்க. நான் எங்கயும் போகப் போறதில்லை."