பூங்கா தெரியும் ஜன்னல்

சுற்றுலா பஸ்ஸின் திறந்த மாடியில், ஊரே பார்க்க உட்கார்ந்து மாத்தே என்ற கசப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள் லியோகாடியா. மடியில் வெந்நீர் பிளாஸ்க், கையில் இலைத்தூள் நிரப்பிய சுரைக்குடுக்கை, அதில் உறிஞ்ச ஒரு வெள்ளிக் குழல்.

மகன் அடெமிருக்கு ஒரே கவலைதான். அம்மாவுக்கு இந்தக் குரிட்டிபா நகரத்தைப் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால், தோட்டத்து வீட்டில் தனியாகக் கிடக்காமல் இங்கேயே தங்கச் சம்மதித்துவிடுவாள்.

"வெள்ளம் வந்தா வீட்டுக்குள்ள வராம ஏரியில போய் நிக்கணும்னுதாம்மா இத்தனை பூங்கா. புல்லு வெட்ட மிஷின்கூட இல்ல, ஆடுதான்" என்றான், ஊரைக் கட்டியதே தான்தான் என்பதுபோல.

"ஆட்டைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தே? நம்ம கொட்டில்லயே நாலு நிக்குதே."

மருமகள் கரீனி சிரித்துவிட்டாள். அவள் வடக்கே ரெசிஃபேக்காரி, மாத்தேயின் கசப்பு இன்னும் பழகவில்லை. உறிஞ்சி முடித்து, "ரொம்ப நன்றி அத்தை" என்று குடுக்கையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த முறை குடுக்கை அவளைத் தாண்டி அடெமிரிடம் போனது. "எனக்கு?" என்றாள்.

"நீதான் நன்றி சொல்லிட்டியே. எங்க பக்கம் பேசாமதான் திருப்பிக் குடுக்கணும். நன்றின்னா, 'போதும், இனிமே உன் கையால எனக்கு வேணாம்'னு அர்த்தம்" என்றான் அடெமிர்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதைக்கூடச் சொல்லித் தரலையா உன் புருஷன்?" என்ற லியோகாடியா, அவளுக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தாள். "நீ குடிம்மா. தெரியாம சொன்னதெல்லாம் கணக்குல வராது."

பெரிய பூங்காவில் இறங்கினார்கள். ஏரிக்கரையில் ஆட்டுக்குட்டி அளவு எலி போன்ற கேபிபாராக்கள் குட்டிகளோடு சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. லியோகாடியா முழங்கால் வலியை மறந்து வெகுதூரம் நடந்தாள்.

"நல்லாத்தான்டா இருக்கு. உங்க வீட்டு ஜன்னல்ல இருந்து இது தெரியுமா?"

"எங்க ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் சுவருதான் அத்தை" என்றாள் கரீனி. அடெமிர் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"உனக்குப் பூங்கா தெரியிற ஜன்னல்தாம்மா. அது என் பொறுப்பு."

லியோகாடியா ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, இருக்கேன். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேருக்கும் பியரோகிக் கொழுக்கட்டை பண்ணித் தரேன்." சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. அடெமிருக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

சாயங்காலம் பூங்காவுக்கு எதிரே ஒரு வெள்ளைக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனான். லிஃப்டை விட்டு இறங்கியதும், தாழ்வாரத்தில் சக்கர நாற்காலிகளில் கிழவர்கள் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி அறையின் கதவில் லியோகாடியாவின் பெயர் ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

ஜன்னலில் பூங்கா தெரிந்தது. அந்த ஒன்றில் அவன் பொய் சொல்லவில்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் விழாமல் இருக்கக் கம்பி போட்டிருந்தார்கள்.

"எங்க வீடு சின்னதும்மா. இங்க நர்ஸ் இருக்காங்க, வேளாவேளைக்குச் சாப்பாடு வந்துரும். வாரம் தவறாம வந்து பாத்துக்குவோம்."

லியோகாடியா கட்டில் கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கரீனி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடெமிருக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிளாஸ்கைத் திறந்தான். பிறந்ததிலிருந்து அம்மா ஊற்றிக் குடித்தவன், முதல்முறையாகத் தன் கையால் அவளுக்கு ஊற்றி நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். அவசரப்படாமல், அடிவரை உறிஞ்சிக் குடித்தாள். அம்மா சமாதானமாகிவிட்டாள் என்ற தெம்பில், அடுத்ததை ஊற்ற அவன் பிளாஸ்கைத் தூக்கினான்.

குடுக்கையை அவன் கையில் வைத்து, அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நன்றிப்பா."